சிரிப்புக்கு இடம் விட்டு எழுதியவர்

மேடையில் ஒரு வசனத்துக்கு அரங்கம் அதிர்ந்தால் நடிகர் காத்திருப்பார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கும் நேரம் பார்த்து அடுத்த வரியை எடுப்பார். முந்தினால் வசனம் காதில் விழாது. பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். திரைப்படத்துக்கு அந்த வசதி கிடையாது. படச்சுருள் யாருக்காகவும் நிற்பதில்லை. மக்கள் எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை மேடையிலும் திரையிலும் போட்டுக் காட்டியவர் ‘சித்ராலயா’ கோபு. இயற்பெயர் சடகோபன், இயக்குநர் ஸ்ரீதரின் செங்கல்பட்டுப் பள்ளித் தோழர். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யின் எழுத்தில் ஸ்ரீதருடன் அவருக்கும் பங்கு உண்டு. ‘காசேதான் கடவுளடா’வை முதலில் நாடகமாக மேடையேற்றினார், 1972இல் ஏவி.எம். தயாரிக்க, அவரே அதைப் படமாக இயக்கினார். தேங்காய் சீனிவாசனின் போலிச் சாமியாரை யாரால் மறக்க முடியும்!

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைக் கவனியுங்கள். நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்புகிறார். எதிரே பாலையா வெலவெலத்துப் போகிறார். அங்கே தனியாக எடுத்துச் சொல்லும்படி ஒரு துணுக்கும் இல்லை. சிரிப்பு பிறப்பது பாலையாவின் முகத்தில். அந்த முகம் பயப்படும் கணங்களில் காது கொடுத்துக் கேட்க வேண்டிய வசனம் ஏதும் இல்லாததால், தியேட்டர் எவ்வளவு சத்தமாகச் சிரித்தாலும் கதை நழுவாது. மேடை நடிகர் விடும் இடைவெளி இங்கே ஒரு முகபாவமாக மாறியிருக்கிறது. தமிழ் நகைச்சுவையின் உச்சங்களில் இது ஒன்று என்பேன்.

ஹாலிவுட்டில் மார்க்ஸ் சகோதரர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். 1935இல் வெளியான ‘எ நைட் அட் தி ஓபரா’வின் நகைச்சுவைக் காட்சிகளைப் படமாக்குவதற்கு முன்பே ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்து, எழுந்த சிரிப்பின் நீளத்தை அளந்துகொண்டார்கள்.

அளக்கத் தகுந்ததுதான் சிரிப்பு. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன் அதன் ஒலியை ஆராய்ந்தார். ‘ஹ’ என்ற ஒவ்வொரு வெடிப்பும் ஒரு நொடியில் ஏறக்குறைய 15இல் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது. நொடிக்கு ஐந்து முறை அளவில் அது திரும்பத் திரும்ப வருகிறது. அவர் கண்ட இன்னொன்று அதைவிட வியப்பானது: தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம். 2006இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. அடுத்தவர் சிரிப்பது காதில் விழுந்ததுமே, முகத்தசைகளை அசைக்கத் தயாராகும் மூளைப் பகுதிகள் நம்முள் விழித்துக்கொள்கின்றன. பக்கத்து இருக்கைக்காரரின் சிரிப்பும் நகைச்சுவையின் ஒரு பாகம்தான்.

ஆகவே ‘காதலிக்க நேரமில்லை’யைக் கைப்பேசியில் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துப் பாருங்கள். கோபு அதைக் கூட்டத்துக்காகவே எழுதினார்.