காட்மியம் இல்லாத சூரியத் தகடு

காட்மியம் மண்ணில் இறங்கினால் அங்கேயே கிடக்காது. வேர் வழியே பயிரில் ஏறும்; உணவோடு உடம்புக்குள் வந்தால் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவு கலந்ததால் இத்தாய்-இத்தாய் நோய் வந்தது. எலும்பு முறியும் அந்த நோயை, மாசால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஏற்றது. நம் பக்கத்தில் ஏலமலைச் சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாகப் போடிக்கு இறங்குகிறது. அதனால், மலையில் பொருத்தும் சூரியத் தகட்டில் என்ன இருக்கிறது என்று இங்குள்ளவர்கள் கேட்பது நியாயம்தான்.

வீட்டுக் கூரைகளில் ஏறுபவை பெரும்பாலும் சிலிக்கான் தகடுகள். அவற்றில் மின்சாரம் தரும் பொருளில் காட்மியம் கிடையாது. காட்மியம் டெலுரைடு மென்படலத் தகடுகள் வேறு வகை. ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த ஆலையில் தயாராவது இவைதான். ஆலையின் திறன் ஆண்டுக்கு 3.3 கிகாவாட். படலத்தின் தடிமன் சில மைக்ரான் மட்டுமே. இந்தச் சேர்மம் தண்ணீரில் கரைவது மிக அரிது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்டும் இருக்கிறது. ஆகவே, உடையாத தகட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. செய்யும் இடத்திலும் தூக்கி எறியும் இடத்திலும்தான் கவனம் வேண்டும்.

இந்தப் படலத்தின் திறனைக் கூட்ட வழக்கமாகக் காட்மியம் குளோரைடு பூசிச் சூடாக்குவார்கள். அது தண்ணீரில் எளிதில் கரையும் நஞ்சு. அதற்குப் பதிலாக மலிவான, தீங்கற்ற மக்னீசியம் குளோரைடே போதும் என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள்.

செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த இன்னொரு வகையில், சுமார் 50 நானோமீட்டர் காட்மியம் சல்பைடு அடுக்கு ஒன்று உண்டு. கரைசலில் முக்கி அதைப் படிய வைக்கும்போது சிறு பங்குதான் ஒட்டும்; மிச்சம் கழிவுநீராகும். அந்த அடுக்குக்குப் பதிலாகத் துத்தநாகச் சேர்மங்களை வைத்தே சோலார் ஃபிரான்டியர் நிறுவனம் 2019-இல் ஆய்வகச் செல்லில் 23.35 சதவீதத் திறனை எட்டியது. காட்மியத்தை விட்டால் திறன் போய்விடும் என்ற வாதம் அத்தோடு வலுவிழந்தது.

செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த படலம் இன்னும் மலிவு. ஆனால் செம்பும் துத்தநாகமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள அணுக்கள். படிகத்துக்குள் இடம் மாறி உட்கார்ந்து மின்னூட்டத்தை வீணாக்குகின்றன. அதனால் அது இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

2022-இன் மின்கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் சேர்த்துக்கொண்டு, கழிவைப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் தந்திருக்கின்றன. தோட்டத்துக்கோ வீட்டுக்கோ தகடு வாங்குகிறவர்கள் அது எந்த வகை, உடைந்தால் யார் திரும்ப எடுப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடைந்ததை ஓடைக்கரையில் போடாதீர்கள்.