மூவர் பட்டியலும் நான்காமவரும்

ஒரு மாநகரத்தின் பொலிஸ் தலைவரை நியமித்தல் நிருவாகிகளின் அலுவல் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அமெரிக்காவின் சிக்காகோ நகர மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. 2016ஆம் ஆண்டு அங்கு நடந்த ஒரு நியமனம் என் சிந்தனையைப் பெரிதும் ஈர்த்தது.

அந்நகரப் பொலிஸ் தலைவருக்கு அத்தியட்சகர் என்று பெயர். நம் நாட்டில் அப்பெயர் தாங்கியோர் பலர், ஆங்கு ஒருவரே. படை முழுவதும் அவர் கையில்.

2014 ஒக்டோபர் 20ஆம் திகதி லக்குவான் மக்டொனால்ட் என்னும் பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்ட 16 குண்டுகள் பாய்ந்து மாண்டான். ஓராண்டுக்கு மேலாக வெளியிடப்படாதிருந்த அதன் ஒளிப்பதிவு, நீதிமன்ற ஆணையினால் 2015 நவம்பர் 24இல் வெளிவந்தது. நகரம் கொதித்தெழுந்தது. ஒரு வாரத்தினுள் மேயர் ராம் இமானுவேல் அத்தியட்சகர் கரி மக்கார்த்தியைப் பதவியினின்றும் நீக்கினார்.

புதியவரைத் தெரிவதற்குச் சட்டம் ஒரு வழி வகுத்திருந்தது. ஒன்பது பேர் கொண்ட பொலிஸ் சபை விண்ணப்பங்களை ஆராய்ந்து மூவரைச் சிபாரிசு செய்யும். மேயர் அவருள் ஒருவரைத் தெரிவார். எவரும் பிடிக்கவில்லையெனின் வேறொரு பட்டியல் கேட்பார். லோரி லைட்ஃபூட் தலைமையிலிருந்த அச்சபை 39 விண்ணப்பங்களை ஆராய்ந்து மூவரைக் குறித்து அனுப்பியது. மேயரோ மூவரையும் ஒதுக்கிவிட்டு, விண்ணப்பமே செய்திராத எடி ஜோன்சன் என்பவரைத் தேர்ந்தார்! அதற்கு இடந்தரும் பொருட்டு நகர சபை தன் சட்டத்தை அந்த ஒரு முறைக்கு மட்டும் விலக்கி வைத்தது. ஏப்ரில் 13ஆம் திகதி 50 உறுப்பினரும் ஒருமுகமாக வாக்களித்தனர்.

ஜோன்சன் தகுதியற்றவரல்லர். அந்நகரின் ஏழைக் குடியிருப்பொன்றிற் பிறந்து, படையில் 27 ஆண்டுகள் உழைத்தவர்; கறுப்பினத்தவர். ஊரறிந்த ஒருவர் வேண்டுமென்று நகர சபையின் கறுப்பின உறுப்பினர் பலர் விரும்பியதிலும் நியாயமுண்டு. நல்லவரைப் பெறுவதற்கு விதியைச் சற்றே தளர்த்தினால் என்ன என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பரீட்சை நடந்து பெறுபேறும் வெளிவந்தபின், பரீட்சைக்குத் தோற்றாத மாணவனுக்குப் பரிசளித்தால், அவன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் ஏனையோர் அடுத்த முறை எந்த நம்பிக்கையோடு எழுதுவர்? ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்றியும், பொலிசார் தமக்கென ஒரு நீதி வைத்திருக்கின்றனர் என்பதே அம்மக்களின் மனக்குறை. அம்மனக்குறையைத் தீர்க்க வந்த நியமனமே விதிவிலக்கினால் நிறைவேறியது. அதே ஏப்ரில் 13இல், லைட்ஃபூட் தலைமை வகித்த மற்றொரு குழு, படையில் நிறவேற்றுமை வேரோடியிருப்பதாகத் தன் அறிக்கையை வெளியிட்டது என்பதையும் நோக்குக.

பின்னர் நடந்ததும் விசித்திரமே. லைட்ஃபூட் 2019இல் மேயரானார். அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன்சனைப் பதவி நீக்கியவரும் அவரே. இதைக்கொண்டு பழைய நியமனம் பிழையென நிறுவ முயல்வோர் உளர். நான் அவர்களோடு சேரேன். 2020இல் முறைப்படி மூவர் பட்டியலிலிருந்து வந்த டேவிட் பிறவுனும் மூன்றாண்டளவில் விலகிச் சென்றார். முறையான தெரிவு நல்ல தலைவருக்கு உத்தரவாதமன்று. தோற்றவனும் வென்றவனும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம்.

2021இல் நகர சபை புதிய சட்டமொன்றை இயற்றியது. 22 பொலிஸ் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் மக்கள் வாக்களித்து மும்மூன்று பேரைத் தெரிவர். அவர்கள் முன்மொழிவோரிலிருந்து மேயர் எழுவர் கொண்ட ஆணைக்குழுவை அமைப்பார். மூவர் பட்டியலை இனி அக்குழுவே தயாரிக்கும். 2023 பெப்ரவரியில் முதலாவது தேர்தல் நடந்தது. அவ்வாண்டு ஓகத்தில் மேயர் பிறண்டன் ஜோன்சன், குழு கொடுத்த மூவருள் லாரி ஸ்நெல்லிங்கைத் தேர்ந்தார். செப்டெம்பரில் நகர சபை எதிர்ப்பின்றி அதனை உறுதி செய்தது. ஆயினும் பழைய சட்டத்தைப்போல் இதுவும் நகர சபையே இயற்றிய சட்டம். விதிவிலக்கொன்றை மீண்டும் யாரேனும் வேண்டி வரும்போது அவ்வைம்பதின்மர் என்ன செய்வர் என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை.