வயிறு நிறைந்த பிறகும் முந்திரி கேக்குக்குக் கை நீள்வது ஏன்?

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூரைக் கடக்கும்போது, முந்திரிக் கடைகளைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டாதவர்கள் குறைவு. வறுத்த முந்திரி நாலு சாப்பிட்டால் போதும் என்றிருக்கும். அதே முந்திரியைச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து கேக்காக்கிக் கொடுத்தால்? சாப்பாடு முடித்த வயிறும் 'இன்னும் ஒண்ணு' என்கிறது.

இதை 'வாய்க்கட்டுப்பாடு இல்லை' என்று வீட்டில் திட்டுவார்கள். ஆனால் இந்த 'இன்னும் ஒண்ணு' மூளையில் எங்கே பிறக்கிறது என்று 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிவருகிறார் நரம்பியல் விஞ்ஞானி டேனா ஸ்மால்.

சாக்லேட்டில் தொடங்கிய பயணம்

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, சாக்லேட் பிரியர்கள் 9 பேரை அழைத்தார் டேனா. அவர்கள் திகட்டும்வரை சாக்லேட் சாப்பிட, இடையிடையே பெட் ஸ்கேன் மூலம் மூளையின் ரத்த ஓட்டம் அளக்கப்பட்டது. சாக்லேட் இனித்தபோது மூளையின் சில பகுதிகள் சுறுசுறுப்பாயின. 'போதும்டா சாமி' என்ற நிலை வந்ததும் வேறு பகுதிகள் விழித்துக்கொண்டன. சாக்லேட் மாறவில்லை. ஆசைதான் மாறியது. 2001-ல் வெளியான இந்த ஆய்வு அவரைப் பிரபலமாக்கியது.

கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தால்...

பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 2018-ல் அவரது குழு ஒரு 'ஏலம்' நடத்தியது. கொழுப்பு மிகுந்தவை, மாவுச்சத்து மிகுந்தவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகைத் தின்பண்டங்கள். கலோரி ஒன்றுதான். ஆனாலும், இரண்டும் கலந்த பண்டத்துக்கே மக்கள் அதிக விலை கேட்டார்கள். மூளையின் வெகுமதிப் பகுதியும் அதற்கே அதிகம் துள்ளியது.

தாய்ப்பால் போன்ற சிலவற்றைத் தவிர, இயற்கையில் இந்தக் கூட்டணி அரிது. பேக்கரியிலோ கண்ணாடி அலமாரி முழுக்க அதுதான்!

எட்டு வாரம், ஒரு புட்டிங்

2023-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், ஷர்மிளி எட்வின் தனராஜா முதன்மை ஆய்வாளராக இருக்க, டேனாவும் பங்கேற்ற ஆய்வு வெளியானது. வழக்கமான சாப்பாட்டோடு, ஒரு குழுவுக்குத் தினமும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த புட்டிங். இன்னொரு குழுவுக்கு அதே கலோரியில், அவை இரண்டும் குறைந்த புட்டிங். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரு குழுவினரின் எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால், மூளை மாறியிருந்தது. இனிப்பும் கொழுப்பும் சாப்பிட்டவர்களின் வெகுமதிப் பகுதி, மில்க் ஷேக்குக்கு முன்பைவிட வேகமாகத் துடித்தது. கொழுப்பு குறைந்த உணவின் மீதான விருப்பமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது.

அதாவது, எடைக்கருவி காட்டுவதற்கு முன்பே மூளை பழகிவிடுகிறது. 'என் பிள்ளை ஒல்லிதானே, தினமும் சாப்பிட்டால் என்ன?' என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆய்வில் இருந்தவர்கள் சில பத்துப் பெரியவர்கள்தான். குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று இதைவைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், சுவை ஒரு பழக்கம் என்பதற்கு இது வலுவான சான்று.

வீட்டில் என்ன செய்யலாம்?

கேக்கை நிறுத்த வேண்டியதில்லை. தினசரி என்பதை எப்போதாவது என்று மாற்றினாலே போதும். மாலை நேரத்துக்குச் சுண்டல், வேர்க்கடலை, சீசனில் பண்ருட்டி பலாச்சுளை என்று சுற்றிவரலாம்.

முக்கியமாக, குண்டாக இருக்கும் பிள்ளையை 'உனக்கு நாக்கு அடங்காது' என்று நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அடங்காதது நாக்கு மட்டுமல்ல. தினமும் நாம் வாங்கிக் கொடுத்து பழக்கிய மூளையும்தான். பழக்கியது நாம் என்றால், மாற்றிப் பழக்குவதையும் நாமே தொடங்கலாம்.