இரவில் குளிர்ச்சியைச் சேமிக்கும் முற்றம்

2021 ஆகஸ்ட் 14 அன்று தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதியிலுள்ள கோர்டோபா மாகாணத்தில் வெப்பம் 47 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த நாட்டில் அதுவரை பதிவாகாத சூடு. மின்விசிறியே இல்லாத நூற்றாண்டுகளில் அந்தலூசியாவின் பண்ணைக்காரர்கள் இப்படிப்பட்ட கோடைகளை எப்படித் தாங்கினார்கள்? விடை அவர்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது.

அங்குள்ள பழைய ஆலிவ் பண்ணை வீடுகளில் பொதுவாக இரண்டு முற்றங்கள் உண்டு. வேலை முற்றம் அகலமானது. வண்டிகளும் கோவேறு கழுதைகளும் திரும்ப இடம் வேண்டும். அறுவடைக் காலத்தில் காய்கள் அங்கேதான் வந்து குவியும். அதன் ஓரத்தில் எண்ணெய் ஆலை. ஆலையின் மேல் எழும் கோபுரத்தை அழகுக்கென்று கட்டியதாக நினைத்துவிடக் கூடாது. பிரம்மாண்டமான மர நெம்புகோல் ஆலிவ் கூழை அழுத்தும்போது அதன் ஒரு முனை மேலே எகிறப் பார்க்கும். அதைத் தன் எடையால் அடக்கி வைப்பது இந்தக் கோபுரம்தான்.

உரிமையாளரின் குடும்பம் வாழும் முற்றமோ சிறியது, ஆழமானது. இரவில் அதன் ஓடுகளும் சுவர்களும் தரையும் பகலில் வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வெளியேற்றுகின்றன. மேகமற்ற, வறண்ட வானம் திருப்பி அனுப்புவது அதைவிடக் குறைவு. அதனால் கூரை குளிர்கிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்ந்து, கனத்து, முற்றத்துக்குள் இறங்கி, கிணற்று நீர்போல அடியில் தங்கிவிடுகிறது. காலையில் வெளியே சூடான காற்று வீசினாலும் பெரும்பாலும் கூரைக்கு மேலாகவே கடந்துபோகும். வெயில் தரையைத் தொடவும் நேரமாகும். ஆண்டுதோறும் பூசும் வெள்ளைச் சுண்ணாம்பு, சுவரில் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. தடித்த சுவரைக் கடந்து வெப்பம் அறைக்குள் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பிறகு நீர். நடுவிலுள்ள சிறு நீரூற்றும் செடித்தொட்டிகளும் செய்யும் வேலையை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. சுமார் 200 கன மீட்டர் காற்றை 10 டிகிரி குளிர்விக்க அது போதும். அந்தலூசியக் கோடையின் காற்று வறண்டது என்பதால்தான் இது நடக்கிறது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரில் இதே நீரூற்று இவ்வளவு உதவாது.

இரு முற்றங்களையும் ஒரு நடை இணைத்தால் இன்னொன்றும் நிகழும். வெயிலில் காயும் பெரிய முற்றத்தின் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பச் சிறிய முற்றத்தின் குளிர்காற்று நடை வழியே நகரும். எகிப்தியக் கட்டிடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, கெய்ரோவின் பழைய வீடுகளில் இதே ஏற்பாட்டை விளக்கியிருக்கிறார்.

ஆனால் இந்த அமைப்பு தானாக ஓடிவிடாது. வீட்டார் கவனமும் வேண்டும். பகலில் முற்றத்தின் மேல் துணிப்பந்தலை இழுத்து மூட வேண்டும். பொழுது சாய்ந்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். இரவிலும் மூடியே கிடந்தால் தரையின் வெப்பம் வானத்தை எட்டாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மறுநாள் வெப்பத்தோடுதான் விடியும்.