எதிராளி தரும் புள்ளி

அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதி. சனிக்கிழமை விடியற்காலை 5.30 மணிக்குச் சென்னை மேடவாக்கத்தில் பால் வண்டிகள் கிளம்பியிருக்கும். உலகப் பொது நேரப்படி அது நள்ளிரவு 12 மணி. அந்த நொடியில் ‘சிக்யூ வேர்ல்டு வைட்’ போட்டி தொடங்குகிறது. 1948 முதல் நடந்துவரும் இந்தப் போட்டிக்கு மைதானம் கிடையாது, அருகில் நிற்கும் நடுவரும் கிடையாது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ஹாம்கள், அடுத்த 48 மணி நேரத்துக்குள் சிற்றலையில் எத்தனை நாடுகளைப் பிடிக்க முடியுமோ அத்தனையையும் பிடிக்கப் பார்ப்பார்கள். அக்டோபரில் குரல், நவம்பர் கடைசியில் மோர்ஸ்.

ஊர்க்கதை பேச நேரமில்லை. எதிர்முனையில் இருப்பவரின் கால் சைனை, அதாவது நிலையத்தின் அடையாளக் குறியீட்டை, பிசகாமல் சொல்ல வேண்டும். பிறகு ‘59’ என்று ஒலித்தரம், கூடவே தன் மண்டல எண். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடும் இலங்கையும் 22-இல் வருகின்றன, அந்தமான் மட்டும் 26. எதிர்முனைக்காரரும் தன் எண்ணைச் சொன்னால் தொடர்பு முடிந்தது. நன்றி, அடுத்தவர். சில நொடி வேலை.

வேறு கண்டத்துக்காரரைப் பிடித்தால் 3 புள்ளி. சென்னையிலிருந்து கொழும்புக்கோ டோக்கியோவுக்கோ பேசினால் ஒரே கண்டம், ஆகவே 1. மேடவாக்கத்துக்காரர் தாம்பரத்து நண்பரோடு பேசினால் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் அலைவரிசையிலும் புதிதாகக் கிடைக்கும் நாடும் மண்டலமும் மொத்தப் புள்ளியைப் பெருக்கித் தருவதால், முதல் தடவை அந்தத் தாம்பரத்து நண்பரும் தேவைப்படுகிறார்!

கபடியில் எதிராளியைத் தொட்டுவிட்டுத் தப்பி வந்தால் புள்ளி. இங்கே எதிராளி நின்று பதில் சொன்னால்தான் புள்ளி. போட்டியாளர் எழுதும் ஒவ்வொரு வரியும் இன்னொரு போட்டியாளர் கொடுத்தது. ஹாம்களின் தோழமைக்கு நல்ல மனசு மட்டுமே காரணமில்லை, ஆட்டத்தின் அமைப்பே அப்படி.

சென்னைக்கு இது ஐப்பசி அடைமழைக் காலம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மேல் இடி திரண்டால் 80, 160 மீட்டர் அலைவரிசைகளில் படபடப்பைத் தவிர வேறெதுவும் கேட்காது. மின்னல் கிட்டே வந்துவிட்டால் ஆன்டெனா கேபிளைக் கழற்றி வைப்பதே புத்திசாலித்தனம். மழை விட்டாலும் அடுக்குமாடிகளின் எல்.இ.டி. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் இரைச்சலைக் கிளப்பும். போட்டி தொடங்கி அரை மணியில் சூரியன் எழ, 40 மீட்டரில் ஐரோப்பா மங்கத் தொடங்கும். வேறெங்கோ பெரிய கோபுரங்களோடு 1,500 வாட்டில் ஒலிபரப்புகிறவர்களுக்கு எதிரே மொட்டைமாடிக் கம்பியும் 100 வாட்டும் என்ன செய்யும்?

அதற்காகத்தான் பிரிவுகள். 5 வாட்டுக்குள், 100 வாட்டுக்குள், 1,500 வாட்டுக்குள் என்று மூன்று தரம். ஒரு நாட்டின் சட்டம் அதைவிடக் குறைவாக அனுமதித்தால் அதுவே எல்லை. எங்கே யார் பேசுகிறார்கள் என்று இணையத்தில் பார்த்துக்கொள்கிறவர்களும், காதை மட்டும் நம்புகிறவர்களும் வேறுவேறு பிரிவு. ஒரு நிலையத்தின் கருவிகள் எல்லாம் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். போட்டியில் ஆர்வமில்லாதவர்களை மறந்துவிடவும் இல்லை: 30, 17, 12 மீட்டர் அலைவரிசைகளில் போட்டிக்கு இடமே கிடையாது.

பூட்டிய அறைக்குள் ஒருவர் 100 வாட் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு 500 வாட்டைத் திருப்பிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? முழுப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் வலை நெருக்கமானது. போட்டி முடிந்ததும் போட்டியாளர்கள் தங்கள் லாகை, அதாவது தொடர்புப் பதிவேட்டை, அனுப்புகிறார்கள். கணினி ஒவ்வொரு வரியையும் எதிர்முனைக்காரரின் லாகோடு ஒப்பிடும். கால் சைனில் ஓர் எழுத்து பிசகினாலோ, அவருடைய லாகில் அந்தத் தொடர்பே இல்லாவிட்டாலோ புள்ளி போகும். கூடவே தண்டமும் கழியும். லாக்குகள் பொதுவில் வெளியிடப்படுகின்றன. அலைவரிசைகளின் பதிவுகளைப் போட்டிக் குழுவும் கேட்டுப் பார்க்கிறது. முன்னணியில் இருப்பவரிடம் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கவும் விதியில் இடமுண்டு. பொய் லாக் எழுத நினைப்பவர் உலகெங்கும் உள்ள முன்பின் தெரியாதவர்களின் லாக்குகளையும் மாற்றியாக வேண்டும்.

இடம் தரும் அனுகூலத்தை எந்த லாகும் காட்டாது. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையில் இருப்பவருக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் கூப்பிடு தூரம், இரண்டுமே 3 புள்ளி. இதற்கு விடையாக வந்தது 1990-இல் சியாட்டிலில் தொடங்கிய உலக வானொலி விளையாட்டு அணிப் போட்டி. அணிக்கு இருவர், 100 வாட். அண்மைப் போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே பகுதியில் ஒரே வகை ஆன்டெனா. எந்த இடம் யாருக்கு என்பது குலுக்கலில். பக்கத்தில் ஒரு நடுவர் உட்கார்ந்திருப்பார். 2018-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் பக்கத்து வயல்களில் இப்படித்தான் கூடாரம் போட்டு நடத்தினார்கள். அமெச்சூர் வானொலியில் திறமையை மட்டும் அளப்பதற்கு இதைவிட நேர்மையான முறை இதுவரை வரவில்லை.

இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிடித்து, எண்ணையும் எழுத்தையும் பிழையில்லாமல் எழுதுவது வெறும் பொழுதுபோக்கில்லை என்பதை 2004 டிசம்பர் காட்டியது. 1987-க்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம் ஒலி கேட்கவே இல்லை. அந்தத் தீவோடு பேசிவிட உலகம் காத்திருந்தது. பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் ஒரு குழு அனுமதி பெற்று போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 26 வரை ஆயிரக்கணக்கானோர் வரிசைகட்டி அழைத்தார்கள். அன்று காலை சுனாமி. தூரத்து நாடுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அதே கருவிகளோடு தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உயிர் பிழைத்தவர்களின் செய்திகளைக் கடத்த அந்தக் குழு உட்கார்ந்துவிட்டது.

போட்டிக்கே திரும்பினால், மேடவாக்கத்து 100 வாட்டுக்கு ஒரு பலம் உண்டு. ஐரோப்பாவில் நிலையங்கள் ஏராளம், இந்திய நிலையங்களோ சொற்பம். ‘வி.யு.’ என்று தொடங்கும் கால் சைன் ஐரோப்பியர்களுக்குப் புது நாடு, புது மண்டலம், பெருக்கல் புள்ளி. ஆகவே சிறிய நிலையமானாலும் தேடிவந்து அழைப்பார்கள். இருபது பேரோடு மட்டுமே பேசியவரும் லாக் அனுப்பினால் நல்லது. அந்த இருபது பேரின் கணக்கைச் சரிபார்க்க அது உதவும்.

ஒலிபரப்ப வேண்டுமென்றால் மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும். கேட்பதற்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் வானொலிப் பெட்டியே போதும். போட்டிச் சனிக்கிழமை மாலையில் 14.150 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஓர் இந்திய நிலையத்தின் மேல் ஐரோப்பியக் குரல்கள் மொய்ப்பதைக் கேட்க வாய்ப்பு உண்டு.