வலையடித்த அஞ்சடி

வீட்டு முகப்புத் தாழ்வாரத்தை மலேசியத் தமிழர் ‘அஞ்சடி’ என்பர். 1822-இல் சிங்கப்பூர்க் கடைவீடுகளின் முன் கூரையிட்ட நடைவழி விடுமாறு இராபிள்ஸ் பணித்தார். அவ்வகை நடைவழியே பின்னர் ‘ஐந்தடி’ எனப் பெயர் பெற்றது.

அஞ்சடிக்குக் கொசுவலை அடிப்பது ஆடம்பரமன்று. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவில் கட்டும் படுக்கைவலை, மாலையில் அஞ்சடியில் அமர்ந்து படிக்கும் பிள்ளையைக் காவாது.

தீபகற்ப மலேசியாவில் அஞ்சடியைப் புதிதாகச் சேர்த்துக் கட்டுவோர், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலை முதலில் பெறுதல் வேண்டும். தரை வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். இன்றேல் சாரல்நீர் தேங்கி, வலைக்குள்ளேயே கொசு பிறக்கும். வலைக்கண் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. வலை காற்றைக் குறைக்குமாதலால், இரு பக்கங்களிலும் சுவரெழுப்பாது வலையே அடித்தல் நன்று. கதவுக்குத் தானே மூடும் சுருள்வில் பொருத்துக; அது திறந்து கிடப்பின் வலையடித்த செலவெல்லாம் வீணே.