வேனுக்குள் ஒரு வீடு: முதலில் கணக்கு, பிறகு ஆணி

பினாங்கில் வேன்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன், மாலையில் பாசார் மாலாமுக்குச் சாமான் ஏற்றும் வேன், தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் பக்கம் உறுமி மேளத்தைச் சுமந்து வரும் வேன் என்று பலவகை ஓடுகின்றன. 1996 முதல் 2007 வரை தயாரான பெரோடுவா ரூசாவும் பழைய நிசான் வானெட்டும் இன்னும் நம் சாலைகளில் கண்ணில் படுகின்றன. உழைப்பதற்காக வாங்கிய இத்தகைய சிறிய வேன்களில் சில, இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஓர் அடுப்பு என்று மாறி, விடுமுறை நாட்களில் கடற்கரை ஓரங்களில் நிற்கின்றன.

2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு நம் நாட்டில் இந்த ஆர்வம் வேகமெடுத்தது. பல மாதங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு, விடுதியில் தங்காமலேயே ஊர் சுற்றலாம் என்பது பிடித்துப் போனது. காணொளிகளில் பார்க்கும்போது பலகையும் ஆணியும் இருந்தால் போதும் என்று தோன்றும். உண்மையில் இது நாம் பள்ளியில் படித்த இயற்பியலும் கணிதமும் நேரடியாகச் சோதிக்கப்படும் இடம். கணக்கு தவறினால் பணம் வீணாகும். ஒரு சில விஷயங்களில் உயிருக்கே ஆபத்து.

நாமக்கல் முதல் ஜப்பான் வரை

வண்டியையே வீடாக்குவது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் நாமக்கல் லாரிகளுக்கும் கரூர் பேருந்துகளுக்கும் கூண்டு கட்டுவதற்குப் பெயர் பெற்ற ஊர்கள். வட மாநிலங்கள் வரை சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களுக்கு இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகைதான் படுக்கை. நாள் கணக்கில் அந்தச் சிறிய இடத்தில்தான் வாழ்க்கை. 'கேரவன்' என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் சினிமா நடிகர்களின் சொகுசு வண்டி இதற்கு நேர் எதிர்த் துருவம். அண்டை மாநிலமான கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது.

ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் தன் வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்கு 'கேம்பிங் பாக்ஸ்' என்ற பெட்டியைச் செய்து விற்றது. அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. வார நாட்களில் வேன் கடைக்குச் சாமான் ஏற்றும். வார இறுதியில் அதே வேன் குடும்பத்தோடு ஊர் சுற்றும்.

சிறிய இடத்தைப் பயன்படுத்துவதில் ஜப்பானியர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அங்குள்ள 'கேய்' வகை வாகனங்கள் 3.4 மீட்டர் நீளத்தையும் 1.48 மீட்டர் அகலத்தையும் 660 சிசி இயந்திரத்தையும் தாண்டக் கூடாது. அந்த அளவுக்குள்ளேயே இருவர் படுக்கும் வண்டிகளைச் செய்து விற்கிறார்கள். ஆகவே, வேன் சிறியது என்பது ஒரு குறையே அல்ல. ஜார்ஜ்டவுனின் குறுகிய சந்துகளிலும் தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் செல்லும் வளைவுப் பாதையிலும் சிறிய வேன்தான் சௌகரியம்.

இரண்டு மீட்டருக்குள் எல்லாம்

எடுத்துக்காட்டாக, முன் இருக்கைக்குப் பின்னால் 2 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 2.6 சதுர மீட்டர். ஒருவர் படுக்க 1.9 மீட்டர் நீளமும் 65 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கட்டில் போதும். அது 1.24 சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் இடம் மிச்சம். கட்டிலை 35 சென்டிமீட்டர் உயரத்தில் அமைத்தால், அடியில் ஏறக்குறைய 430 லிட்டர் கொள்ளளவு கிடைக்கும். துணிப்பை, பாத்திரம், மின்கலம், தண்ணீர்ப் புட்டி எல்லாம் அங்கேயே அடங்கிவிடும்.

இருவர் என்றால், பகலில் ஒரு பலகையை உள்ளே தள்ளி இருக்கையாகவும், இரவில் இழுத்துக் கட்டிலாகவும் பயன்படுத்தும் முறை சிறந்தது. அடுப்பு வண்டிக்குள் வேண்டாம். பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரையாகிறது. அதன் கீழ் நின்று சமைக்க ஓர் இழுப்பறை போதும்.

எடையையும் மறக்கக் கூடாது. 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள முழு பிளைவுட் பலகை ஒன்று சுமார் 20 கிலோ இருக்கும். இரண்டு பலகை 40 கிலோ, 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, மின்கலம் 12 கிலோ, சாமான்கள் 40 கிலோ, தலா 65 கிலோ எடையுள்ள இருவர் என்று கூட்டினால் 240 கிலோவைத் தாண்டுகிறது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் இது அடங்க வேண்டும். கனமான பொருள்களைத் தாழ்வாக வைப்பது அவசியம். எடை மேலே ஏற ஏற, வளைவுகளில் வண்டி சாயும் போக்கும் கூடும்.

மின்சாரக் கணக்கு

பலர் தடுமாறும் இடம் இதுதான். ஆனால் ஐந்தாம் படிவ இயற்பியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை. திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல்.

10 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 80 வாட்-மணி. 10 வாட் எல்இடி விளக்கு 4 மணி நேரத்திற்கு 40. இரண்டு கைப்பேசிகளுக்கு 30, மடிக்கணினிக்கு 60. ஆக ஒரு நாளைக்கு 210 வாட்-மணி.

வரவு எவ்வளவு? 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயில் 4 மணி நேரம் கிடைப்பதாகக் கொண்டால் 400 வாட்-மணி தரும். வெப்பம், கம்பி போன்றவற்றால் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 300 அளவில் மிஞ்சும். 210 செலவுக்கு இது தாராளம்.

இப்போது ஒரு சிறிய குளிர்பெட்டியைச் சேர்ப்போம். 45 வாட் கம்ப்ரசர் நாளில் பாதி நேரம் ஓடினாலும் 540 வாட்-மணி. மொத்தம் 750 ஆகிவிடுகிறது. தகடு தருவதோ 300. ஒரே ஒரு பொருள் முழுக் கணக்கையும் கவிழ்த்துவிட்டது! இரண்டு நாள் பயணத்திற்குச் சந்தையில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். குளிர்சாதனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சராசரியாக 500 வாட் என்றாலும் இரவு 8 மணி நேரத்திற்கு 4,000 வாட்-மணி வேண்டும்.

மின்கலத்திலும் வேறுபாடு உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தில் 1,200 வாட்-மணி இருந்தாலும், அதன் ஆயுளைக் காக்கப் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் 1,000-க்கு மேல் எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. விலைதான் அதிகம்.

கம்பியின் தடிப்பும் முக்கியம். 60 வாட் கருவிக்கு வீட்டின் 240 வோல்ட்டில் கால் ஆம்பியர் மின்னோட்டம் போதும். 12 வோல்ட்டில் அதற்கே 5 ஆம்பியர் தேவை. போகவர 10 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஏறக்குறைய 1.15 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.35 வோல்ட் மட்டுமே. தொலையும் ஆற்றல் கம்பியைச் சூடாக்குகிறது. ஆகவே, மின்கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் ஒன்றைப் பொருத்த வேண்டும். ஃபியூஸ் இல்லாத மின்கலமும் மரப்பலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தீயை அழைப்பதற்குச் சமம்.

வெயிலும் வியர்வையும்

காணொளிகளில் வரும் பெரும்பாலான வேன்கள் குளிர்நாடுகளுக்கானவை. அவர்கள் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். நாமோ அதை வெளியே நிறுத்தப் பார்க்கிறோம். நமக்கு முதல் எதிரி கூரை. வெளிர் நிறக் கூரையும், உட்புறம் ஒட்டிய ஈரம் உறிஞ்சாத நுரைப் பலகையும் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

இரண்டாவது எதிரி ஈரப்பதம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதன் மேல் நீராகப் படியும். விடியற்காலையில் தகரக் கூரை குளிரும்போது நடப்பது இதுதான். தூங்குபவர்களின் மூச்சும் வியர்வையும் அதோடு சேரும். பலகையைத் தகரத்தோடு ஒட்டி அடித்துவிட்டால், சில மாதங்களில் உள்ளே பூஞ்சை, அடியில் துரு. சிறிது இடைவெளி விட்டு அடிப்பதும், எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு சன்னல்களைக் கொசுவலையோடு திறந்து வைப்பதும், ஒரு விசிறியால் காற்றை வெளியே தள்ளுவதும் செலவு குறைந்த தீர்வுகள்.

மற்றொரு வழி, மலை ஏறுவது! ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கேமரன் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. நம் கடற்கரையைவிட அங்கு 9 டிகிரி குளிர்ச்சி, மின்சாரச் செலவில்லாமல் கிடைக்கிறது.

தூங்கும்போது இயந்திரம் ஓடக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர்சாதனத்தைப் போட்டு, கண்ணாடிகளை மூடித் தூங்கக் கூடாது. 2020-இல் பட்டர்வொர்த்தில் ஒரு காருக்குள் மயங்கிக் கிடந்த நான்கு இளம் பெண்களில் மூவர் இறந்தனர். காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் விழிக்க வாய்ப்பே இருக்காது.

பழைய வேன்களில் புகைக்குழாய் ஓட்டையும் அடித்தகட்டுத் துருவும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மூடிய வண்டிக்குள் எரிவாயு அடுப்போ கரி அடுப்போ பற்றவைப்பதும் அதே ஆபத்துதான். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டிலுக்கு அருகில் பொருத்துங்கள். அலங்கார விளக்குக்கு முன்பாக வாங்க வேண்டிய பொருள் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகளும் நம் வண்டிகளைக் கட்டுப்படுத்துகின்றன. இருக்கைகளைக் கழற்றுவது, கூரையை வெட்டி உயர்த்துவது, உடற்பகுதியை மாற்றுவது போன்ற வேலைகளில் இறங்கும் முன் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். மாற்றம் செய்த வண்டி புஸ்பாகோம் சோதனைக்கும் போக வேண்டியிருக்கும். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்பது, தேர்வு எழுதிவிட்டுப் பாடத்திட்டத்தைத் தேடுவது போல.

காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகும். வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்திருக்கக் கூடாது. பின் இருக்கைக்கும் இடைவார் கட்டாயம் என்ற விதி 2009 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. பார்வைக்கு அழகான இடம் என்பதற்காக இரவு தங்கிவிட முடியாது. உள்ளூர் மன்றம் அனுமதிக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

இதனால்தான் வெஸ்ட்ஃபாலியாவின் கழற்றக்கூடிய பெட்டி மாணவர்களாகிய நமக்கு நல்ல பாடம். குடும்பத்தின் வேனை வெட்டாமல், துளைக்காமல், வார நாட்களில் அப்பாவின் வேலைக்கும் தடையில்லாமல் இருக்கும். பெட்டி பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாயாதபடி வார்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கைத்தொழிலாகவும் ஆகலாம்

மின்கம்பி இழுத்தல், மரவேலை, உலோக ஒட்டு, வாகனப் பழுதுபார்ப்பு என நான்கு தொழில்கள் ஒரு வேனுக்குள் சந்திக்கின்றன. எஸ்பிஎம் முடித்து, அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க வேண்டியதில்லை. பினாங்கிலேயே பத்து லஞ்சாங் தொழிற்கல்லூரி, செபராங் பிறை பொலிதெக்னிக், கெப்பாலா பத்தாஸ் தொழில்பயிற்சிக் கழகம், சிம்பாங் அம்பாட்டில் உள்ள ஜப்பான்-மலேசிய தொழில்நுட்பக் கழகம் ஆகியவை உள்ளன. ஒரு வேனுக்குச் சரியாகக் கம்பி இழுக்கத் தெரிந்தவருக்கு உணவு லாரி, படகு, சூரியசக்தி என்று வேலைக்கான கதவுகள் பல.

தொடங்க நினைப்பவர்கள் வேன் வாங்க அவசரப்பட வேண்டாம். வீட்டுத் தரையில் சாக்கட்டியால் 2 மீட்டருக்கு 1.3 மீட்டர் கட்டம் ஒன்று வரையுங்கள். கட்டில், பெட்டி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளால் அதற்குள் அடுக்கிப் பாருங்கள். பிறகு வீட்டிலோ உறவினரிடமோ உள்ள வேனில், வாசலிலேயே, சன்னல்களைத் திறந்து வைத்து ஓர் இரவு படுத்துப் பாருங்கள். எங்கே புழுங்குகிறது, எது இடிக்கிறது, எது தேவையே இல்லை என்பதைக் காலையில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு பலகைக் கடைக்குப் போனால் போதும்.